பந்தைக் கொடுப்பது எப்போது லாபம்? ரக்பி விதிகளும் பார்வையாளரின் சலிப்பும்

ரக்பி யூனியன் ஆட்டத்துக்கு 80 நிமிடம். அதில் பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் பாதியைக்கூடத் தொடுவதில்லை. 1995 உலகக் கோப்பையில் அது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இன்றைய சர்வதேச ஆட்டங்களில் 35 நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. மீதி நேரம் ஸ்க்ரம் அமைப்பதிலும், லைன்-அவுட்டுக்கு வரிசை கட்டுவதிலும், கோல் உதைக்கக் குறி பார்ப்பதிலும், திரையில் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி நடுவர்கள் கலந்து பேசுவதிலும் போகிறது. விதிகள்தான் இந்த ஆட்டத்தைச் சலிப்பாக்குகின்றன என்ற புகார், ரக்பி ஆடப்படும் நாடுகளில் எல்லாம் பழையது. புகாரில் உண்மை உண்டு. ஆனால் எந்த விதி என்று கேட்டால் பலரும் கைகாட்டுவது ஸ்க்ரமை. குற்றப் பட்டியலில் அதற்கு முதலிடம் கொடுப்பது நியாயமில்லை.

ரக்பியில் கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறியலாம். முன்னேற இரண்டே வழி: பந்தோடு ஓடுவது, அல்லது உதைப்பது. ஓடுகிறவரை எதிரணி பிடித்துத் தரையில் வீழ்த்தினால், அவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். அந்த நொடியில் பந்து யாருக்கும் சொந்தமில்லை. இரு அணியினரும் காலூன்றி நின்றபடி அதற்குப் போட்டியிடலாம். தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு பக்கமும் முட்டி நிற்பதுதான் 'ரக்'. பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால், இரண்டு வரிசைகளுக்கு நடுவே எறிந்து துள்ளிப் பிடிக்கும் லைன்-அவுட். கை தவறி முன்னால் விழுந்தால், எட்டுக்கு எட்டு பேர் தோள்கோத்துத் தள்ளும் ஸ்க்ரம். ஆட்டம் மறுபடி தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் பந்துக்குப் போட்டி வைத்திருப்பது யூனியனின் தனிக்குணம்.

1895இல் பிரிந்துபோன ரக்பி லீக் இந்தப் போட்டியை ஒவ்வொன்றாகக் கைவிட்டது. 1897இல் லைன்-அவுட் போயிற்று. 1906இல் ஆட்டக்காரர் எண்ணிக்கை 13 ஆனது. இன்று லீக்கில் ஆறு முறை வீழ்த்தப்படும்வரை பந்து அந்த அணிக்கே நிச்சயம். யூனியனில் அந்த நிச்சயம் கிடையாது. பந்தை வைத்திருப்பதே ஆபத்து; சொந்தப் பாதியில் வைத்திருப்பது பேராபத்து, ஏனென்றால் அங்கே செய்யும் சின்னத் தவறுக்கும் எதிரணி பெனால்டி பெற்று, கோலை நோக்கி உதைத்து 3 புள்ளி எடுத்துவிடும். அதனால் விதிகளின் தராசு கொஞ்சம் சாய்ந்தாலே போதும், பந்தை வைத்து ஆடுவதைவிட எதிரணியிடம் தள்ளிவிடுவது லாபமாகிவிடுகிறது. ரக்பியின் சலிப்பான காலங்கள் பெரும்பாலும் அந்தச் சாய்வில் பிறந்தவை.

இதற்குப் பேர்போன சான்று 1963இல் எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்தில் நடந்த ஸ்காட்லாந்து–வேல்ஸ் ஆட்டம். அன்றைய விதிப்படி மைதானத்தின் எந்த இடத்திலிருந்தும் பந்தைத் தரைதொடாமல் நேராகப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைக்கலாம். அது கோட்டைக் கடந்த இடத்தில் லைன்-அவுட். வேல்ஸ் அணித்தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் அந்த விதியைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தார். பந்து கைக்கு வந்தால் உதை, லைன்-அவுட், மறுபடி உதை. ஒரே ஆட்டத்தில் 111 லைன்-அவுட்டுகள். வேல்ஸ் 6-0 என வென்றது. ரோலண்ட்ஸைக் குறை சொல்வதில் பொருளில்லை. விதி எதற்குப் பரிசு தந்ததோ அதை அவர் செய்தார். 1960களின் இறுதியில் விதி திருத்தப்பட்டது. தன் கோலுக்கு அருகிலுள்ள பகுதியிலிருந்து, அதாவது இன்றைய 22 மீட்டர் கோட்டுக்குள்ளிருந்து, உதைத்தால் மட்டுமே பந்து நேராக வெளியே போன இடத்தில் லைன்-அவுட். அதற்கு வெளியிலிருந்து உதைத்தால், உதைத்த இடத்துக்கு நேராகவே திரும்பி வர வேண்டும். ஸ்க்ரமில் சேராத பின்வரிசை ஆட்டக்காரர்களான பேக்குகளின் கையில் பந்து வாழத் தொடங்கியதற்கு இந்த ஒரு திருத்தம் செய்த உதவி பெரியது. 1970களின் வேல்ஸ் அணியை உலகம் கொண்டாடியது இந்தத் திருத்தத்துக்குப் பிந்திய கதை.

ஆனால் உதைத்துத் தள்ளும் ஆசை வேறு வேடத்தில் திரும்பிவரும். 2008இல் ஒரு கட்டுப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. சக ஆட்டக்காரர் 22 மீட்டர் கோட்டுக்குள் பின்னால் எறிந்த பந்தை நேராக வெளியே உதைத்தால் இனி இடம் கிடைக்காது என்பது அவற்றில் ஒன்று. பந்தை வெளியே அனுப்புவது குறைந்து ஆட்டம் ஓடும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. வெளியே அனுப்ப முடியாதவர்கள் வானத்தை நோக்கி உதைத்தார்கள். அதே காலத்தில் ரக் பகுதியில் தடுப்பவருக்கே நடுவர்கள் சலுகை காட்டியதால், பந்தோடு ஓடி வீழ்ந்தவர் அதை இழக்கவோ பெனால்டி கொடுக்கவோ வாய்ப்பு அதிகமாயிற்று. 2009இல் தென்னாப்பிரிக்கா இந்தக் கணக்கை எல்லோருக்கும் முன்னால் போட்டு முடித்தது: உயர உதை, துரத்து, எதிரணியைத் தவறு செய்ய வை, மூன்று மூன்றாகப் புள்ளி சேர். அந்த ஆண்டு மூன்று நாடுகள் ஆடிய ட்ரை நேஷன்ஸ் தொடரில் நியூசிலாந்தை மூன்று ஆட்டத்திலும் வென்று கோப்பையை எடுத்தது.

2010இல் எழுத்தில் இருந்த விதியைப் பெரிதாக மாற்றாமலே நிலைமை புரண்டது. வீழ்த்தியவர் முதலில் பிடியை விட வேண்டும், அதன் பிறகே பந்தைத் தொட வேண்டும் என்ற பழைய வரியை நடுவர்கள் கறாராக அமல்படுத்தினார்கள். பந்தை வைத்திருப்பது மறுபடி பாதுகாப்பானது. அந்த ஆண்டு அதே தொடரில் நியூசிலாந்து ஆறு ஆட்டங்களையும் வென்றது, பெரும்பாலும் கையில் பந்தோடு ஓடி. ஆட்டக்காரர்களும் மைதானங்களும் ஏறக்குறைய பழையபடியே. ஒரு வரியை எவ்வளவு கண்டிப்பாக வாசிப்பது என்பது மட்டும் மாறியிருந்தது.

மூன்றாவது வேடம் இன்னும் நூதனமானது. உதைத்தவருக்கு முன்னால் நிற்கும் சக ஆட்டக்காரர் ஆஃப்சைடு. அவர் முன்னேறக் கூடாது. ஆனால் பந்தைப் பிடித்த எதிராளி 5 மீட்டர் ஓடினாலோ, வேறொருவருக்கு எறிந்தாலோ அவர் ஆஃப்சைடிலிருந்து விடுபட்டுவிடுவார் என்று ஒரு துணைவிதி இருந்தது. பிரான்ஸின் அந்துவான் துப்போனும் அவருடைய அணியும் இதைக் கூர்ந்து படித்தார்கள். நடுமைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அசையாமல் நிற்பார்கள். பந்தைப் பிடித்தவர் ஓடத் தொடங்கினால் அத்தனை பேரும் ஒரே கணத்தில் சட்டப்படி அவர்மேல் பாயலாம். ஆகவே அவரும் ஓடாமல் திருப்பி உதைப்பார். ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் 2024இல் ஸ்காட்லாந்தும் பிரான்ஸும் ஆடியபோது, முப்பது பேரில் இருபதுக்கும் மேற்பட்டோர் சிலைபோல நிற்க, தலைக்கு மேல் பந்து இங்கும் அங்கும் போய்வந்த காட்சி ரக்பியை நேசிப்பவர்களைக் கூசவைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் துணைவிதி நீக்கப்பட்டது. இப்போது முன்னால் நிற்பவர் பின்வாங்க முயன்றே ஆக வேண்டும்.

உதையை ஒடுக்குவதுதான் தீர்வு என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது பிழை. உதையை வைத்தே ஓட்டத்துக்கு வழி திறந்த விதி ஒன்றும் உண்டு. 2021இல் சோதனையாக வந்து 2022இல் நிலைபெற்ற '50:22' அது. சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து, எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் தரைதொட்டோ, அதற்கு முன் மைதானத்துக்குள் எங்காவது தரைதொட்டு அந்தப் பகுதியில் போயோ வெளியேறினால், உதைத்த அணிக்கே லைன்-அவுட் எறியும் உரிமை. லீக்கில் முன்பே இருந்த 40/20 விதியின் உறவினர் இது. இதன் சூட்சுமம் உதையில் இல்லை. உதை வந்துவிடுமோ என்ற பயத்தில் இருக்கிறது. தடுக்கும் அணி ஓரிருவரைப் பின்னால் நிறுத்தியாக வேண்டும், முன்வரிசை மெலியும், மெலிந்த வரிசையில் ஓட இடைவெளி பிறக்கும். கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற 'டூ ஆர் டை' விதியும் இதே வகை அறிவுதான்: எதையும் தடை செய்யாமல், பதுங்கி ஆடுவதன் விலையை மட்டும் ஏற்றிவிடுவது.

புள்ளிக் கணக்கும் இந்தத் தராசின் ஒரு தட்டு. எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது 'ட்ரை'. முயற்சி என்ற அந்தப் பெயரே பழைய கதையைச் சொல்கிறது: ஆதியில் அதற்கென்று புள்ளி கிடையாது, கோலை நோக்கி உதைத்துப் பார்க்கும் உரிமைதான் கிடைக்கும். பின்பு 3 புள்ளி, 1971இல் 4, 1992இல் 5 என்று அதன் மதிப்பு ஏறிக்கொண்டே வந்தது. பெனால்டி உதை 3 புள்ளியிலேயே நின்றது. ஆனாலும் அழுத்தம் மிகுந்த ஆட்டங்களில் 3 புள்ளியின் கவர்ச்சி குறையவில்லை. 1995 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 15-12 என வென்றபோது இரு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லை. 2007இல் அதே தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 15-6 என வீழ்த்தியதும் அப்படியே. 2023இல் நியூசிலாந்து ஒரு ட்ரை அடித்தது. நான்கு பெனால்டிகளை உள்ளே அனுப்பிய தென்னாப்பிரிக்கா 12-11 என வென்றது.

இந்த மூன்றும் சலிப்பான ஆட்டங்களா? 1995இல் கூடுதல் நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் யோயல் ஸ்ட்ரான்ஸ்கி, பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைக்கும் டிராப் கோலை அடித்த கணத்தை யாரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். 2023 இறுதியாட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் நெஞ்சை இறுக்கியது. ட்ரைகளின் எண்ணிக்கையை வைத்துச் சுவையை அளப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இழுபறியும் ஒரு சுவை. ஆனால் அது இறுதியாட்டத்துக்கு உரிய சுவை. மழை பெய்யும் நவம்பர் சனிக்கிழமையில் எதற்கும் உதவாத ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் மூன்று மூன்றாகச் சேர்க்கும்போது, கோப்பை தரும் பதற்றம் அங்கே இருக்காது; வெறும் காத்திருப்புதான் மிஞ்சும்.

நான்கு ட்ரை அடித்தால் கூடுதல் தரவரிசைப் புள்ளி என்ற போனஸ் முறை இதற்கு மருந்தாக வந்தது. நூற்றாண்டு மரபைச் சுமக்கும் சிக்ஸ் நேஷன்ஸ்கூட 2017இல் இதை ஏற்றது. விளைவு கலவையானது. பெனால்டி கிடைத்தால் கோலுக்கு உதைக்காமல் மூலைக்கு உதைத்து, கோல் கோட்டிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் லைன்-அவுட் எடுப்பது வழக்கமாயிற்று. ஆனால் அங்கிருந்து வருவது பெரும்பாலும் 'மால்': பந்தைக் கடைசி ஆள் ஒளித்து வைத்திருக்க, முன்னால் நிற்கும் கூட்டம் ஒட்டுமொத்தமாக நகர்ந்து கோட்டைக் கடப்பது. வேறெங்கும் பந்துக்கு முன்னால் நின்று எதிராளியை மறைத்தால் பெனால்டி. மாலில் மட்டும் அது அனுமதிக்கப்பட்ட கலை. அதன் வலிமைக்கு மரியாதை உண்டு. ஒரே ஆட்டத்தில் நான்கு முறை பார்த்தால் மரியாதை தேய்கிறது.

இனி ஸ்க்ரம். ஒவ்வொரு பக்கமும் 900 கிலோவுக்கு நெருங்கிய எடை முட்டும் இடம் அது. சரிந்தால் கழுத்துக்கு ஆபத்து. எனவே பொறுமையாக அமைக்கத்தான் வேண்டும். முட்டுவதற்கு முன்பே கைபற்றிக்கொள்ளும் முறை 2013இல் வந்தபின் மோதலின் வேகம் தணிந்தது. இங்கே சலிப்பைத் தருவது ஸ்க்ரம் சரிந்து, எழுந்து, மறுபடி சரியும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள். அதைவிட மோசம், ஸ்க்ரம் எதற்காக என்ற நோக்கம் மாறிப்போனது. ஆட்டத்தைத் தொடங்கும் வழியாக இருந்தது, பெனால்டி பறிக்கும் கருவியாகிவிட்டது. 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 32-12 என நொறுக்கியதற்கு ஸ்க்ரமில் கிடைத்த பெனால்டிகளே அடித்தளம். 2023 காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகத் தன் 22 மீட்டர் பகுதிக்குள் பந்தைப் பிடித்த தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்சே, அதற்குக் கிடைத்த ஃப்ரீ கிக்குக்குப் பதில் ஸ்க்ரம் கேட்டார். எதிராளியைத் தள்ளிக் களைக்க வைப்பதே நோக்கம். துணிச்சலான முடிவு, அழகான முடிவும்கூட. 2024 ஜூலையில் ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்க்ரம் கேட்கும் உரிமை எடுக்கப்பட்டது.

அந்த உரிமையை எடுத்தது சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஸ்க்ரமையே வலுவிழக்கச் செய்ய வேண்டும் என்பவர்கள் 2015 உலகக் கோப்பையில் செப்டம்பர் 19 அன்று பிரைட்டனில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 29-32 எனப் பின்தங்கிய ஜப்பானுக்குக் கடைசி நிமிடங்களில் பெனால்டி கிடைத்தது. உதைத்தால் சமன், அதுவே வரலாறாகியிருக்கும். ஜப்பான் கேட்டது ஸ்க்ரம். இரு அணிகளின் பதினாறு பேர்வரை ஒரு சிறு வட்டத்துக்குள் கட்டுண்டு நிற்பதால் மைதானத்தின் மற்ற பகுதி திறந்து கிடக்கும். ரக்பியில் அவ்வளவு இடம் வேறெப்போதும் கிடைப்பதில்லை. பந்து ஒரு பக்கம் போய், மறுபக்கம் சுழன்று வந்து, ஜப்பானின் கார்னே ஹெஸ்கெத் இடது மூலையில் ட்ரைக்காக விழுந்தார். 34-32. ஸ்க்ரமைப் பெயருக்கு வைத்திருந்தால், ஸ்க்ரமில் சேரும் எதிரணி ஃபார்வர்டுகள் எழுந்து நின்று அந்த இடத்தை அடைத்திருப்பார்கள்.

உண்மையான சிக்கல் ரக்கில் இருக்கிறது. ஒரு சர்வதேச ஆட்டத்தில் அது 150 தடவைக்கு மேல் நிகழ்கிறது. ஒவ்வொரு தடவையும் வீழ்ந்தவர் பந்தை விட்டாரா, வீழ்த்தியவர் விலகினாரா, வந்தவர்கள் பின்வாசல் வழியாக நுழைந்தார்களா, காலூன்றி நின்றார்களா, கை வைத்தது ரக் உருவாவதற்கு முன்பா பின்பா என்று நடுவர் இரண்டு மூன்று நொடிக்குள் பார்த்தாக வேண்டும். எல்லாவற்றையும் பிடித்தால் ஆட்டமே நடக்காது. எனவே அவர் தேர்ந்தெடுக்கிறார். தேர்வு நடுவருக்கு நடுவர் மாறுகிறது. மைதானத்தில் உள்ளவர்களே குழம்பும் அளவுக்கு இந்தப் பகுதி சிக்கலானது என்பதை 2017 பிப்ரவரியில் ட்விக்கன்ஹாமில் இத்தாலி நிரூபித்தது. ரக் உருவாக இரு அணியிலிருந்தும் ஒருவராவது காலூன்றி மோத வேண்டும் என்பது அன்றைய விதி. ரக் இல்லையென்றால் ஆஃப்சைடு கோடும் இல்லை. இத்தாலியர் ரக்குக்கு ஆளே அனுப்பவில்லை. மாறாக, இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார்கள். சட்டப்படி எல்லாம் சரி. இங்கிலாந்து வீரர்கள் என்ன செய்வது என்று நடுவரிடமே போய்க் கேட்டார்கள். பயிற்சி சொல்வது தன் வேலை இல்லை என்று அவர் கைவிரித்தார். இடைவேளையில் இத்தாலி 10-5 என முன்னிலை. பின்பாதியில் சுதாரித்த இங்கிலாந்து 36-15 என வென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் விதி மாறிற்று: பந்துக்கு மேல் ஒருவர் காலூன்றி நின்றாலே ஆஃப்சைடு கோடு உண்டு.

ஆடுகிறவர்களுக்கே இந்த நிலை என்றால் பார்வையாளர் பாடு என்ன? விசில் ஒலிக்கிறது; ஒரு கை உயர்கிறது; எதற்கு என்று தெரிவதற்குள் பந்து கோலுக்கு உதைக்கப்பட்டுவிட்டது. கால்பந்தில் ஃபவுலை யாரும் பார்க்கலாம், கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ.கூட ஒரு கோடு போட்டால் விளங்கிவிடும். ரக்பியில் ஆட்டத்தின் முடிவையே தீர்மானிக்கும் தண்டனைக்கான காரணம் பல நேரம் ஒரு குவியலுக்கு அடியில் இருக்கிறது. ஆட்டம் நிற்பதைவிட, ஏன் நின்றது என்று புரியாததே பெரிய சலிப்பு. நடுவரின் மைக்கைத் தொலைக்காட்சியில் ஒலிபரப்புவது இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. விதியையே எளிதாக்கினால் இன்னும் தீரும். ரக்கில் தண்டிக்கத்தக்க செயல்களின் பட்டியலைப் பாதியாகக் குறைக்க உலக ரக்பி அமைப்பு இன்னும் முன்வராதது வருத்தம் தருகிறது.

நேரத்தை மிச்சப்படுத்தும் சிறு திருத்தங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. பெனால்டி உதைக்கு 60 நொடி, ஸ்க்ரமும் லைன்-அவுட்டும் அமைக்க 30 நொடி என்ற கணக்கில் யாருக்கும் நஷ்டமில்லை. திரை நடுவர் விசாரணை வேறு விஷயம். தலையில் படும் அடியால் மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்கள் நீதிமன்றம் ஏறியிருக்கும் காலத்தில், உயர டேக்கிளைப் பார்த்தும் பார்க்காமல் விட முடியாது. சுவைக்காக அதில் சமரசம் செய்யச் சொல்வது அநியாயம். விசாரணையை ஆட்டத்தை நிறுத்தாமல் நடத்தலாம் என்பதே 2023இல் வந்த 'பங்கர்' முறையின் பயன்: நடுவர் மஞ்சள் அட்டை காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார், தனி அறையில் இருப்பவர் 8 நிமிடத்துக்குள் அது சிவப்பா என்று முடிவு செய்வார். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் நியூசிலாந்து தலைவர் சாம் கேனின் மஞ்சள் சிவப்பானது இப்படித்தான். மிச்ச நேரம் முழுவதும் ஓர் ஆள் குறைவு என்பது ஆட்டத்தையே குலைக்கிறது என்ற வாதத்தின் பேரில், 20 நிமிடத்துக்குப் பின் மாற்று வீரரை இறக்க இடம் தரும் சிவப்பு அட்டை 2025இல் சிக்ஸ் நேஷன்ஸிலும் பயன்பாட்டுக்கு வந்தது. தவறு செய்தவர் வெளியே, அணிக்கு 20 நிமிடத் தண்டனை என்ற பிரிப்பு நியாயமாகவே படுகிறது.

அதிகம் பேசப்படாத விதி ஒன்று மிச்சம் இருக்கிறது: மாற்று ஆட்டக்காரர்கள். மைதானம் சுமார் 70 மீட்டர் அகலம். சர்வதேச ஆட்டம் 20 பேரிலிருந்து 15 பேராகச் சுருங்கியது 1877இல். அதன்பின் எண்ணிக்கை மாறவில்லை, உடல்கள்தான் பெருத்தன. முன்பு கடைசி 20 நிமிடத்தில் களைப்பு வந்து இடைவெளி தானாகத் திறக்கும். காயம் இல்லாமலே ஆளை மாற்றலாம் என்று 1996இல் அனுமதி வந்தபின், இன்று களைக்காத கால்களோடு எட்டு பேர் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா அதில் ஏழு பேரை ஃபார்வர்டுகளாக வைத்து 2023 ஆகஸ்டில் ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்தை 35-7 எனச் சாய்த்தது; அதே ஏழுக்கு ஒன்று கணக்கோடுதான் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கும் வந்தது. விதிக்குள் நின்று செய்த புத்திசாலித்தனம் அது. ஆனால் களைப்பை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால், தடுப்புச் சுவரில் ஓட்டை விழுவதற்கான இயல்பான காரணமும் போய்விடுகிறது. மாற்று வீரர் எண்ணிக்கையைக் குறைத்தால், எந்தப் புது ட்ரை போனஸும் தராத இடத்தை அது தரும்.

இடம் தாராளமாகக் கிடைக்கும் ரக்பி ஏற்கெனவே உண்டு. 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் பிறந்த செவன்ஸில் அதே அளவு மைதானம், அணிக்கு ஏழு பேர், 14 நிமிட ஆட்டம், மூவர் மட்டும் கோக்கும் ஸ்க்ரம். 2016இல் ஒலிம்பிக்குக்குள் வந்தது. ஃபிஜி இறுதியாட்டத்தில் பிரிட்டனை 43-7 என வென்று தன் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக எடுத்தது. 2025இல் இந்தியாவில் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக் தேர்ந்தெடுத்ததும் இந்த வடிவத்தைத்தான். முதல் கோப்பை சென்னை புல்ஸ் அணிக்கு. புதியவர் கண்ணுக்கு இது உடனே பிடிக்கும்: ஓட்டம், ட்ரை, மறுபடி ஓட்டம். நாள் முழுக்கப் பத்து ஆட்டம் பார்த்தவருக்கோ எந்த ட்ரை எந்த ஆட்டத்தில் என்பது மறந்துபோகும். பந்துக்கான போட்டி மெலிந்த இடத்தில் ட்ரை எளிதாகிறது. பதினைந்து பேர் ஆட்டத்தில் 70 நிமிடம் மூடிக்கிடந்த சுவர் ஒருமுறை பிளந்து ஒருவர் தனியாக ஓடும்போது மைதானம் முழுவதும் எழுந்து நிற்பது செவன்ஸில் நடப்பதில்லை.